ஊவா மலைகளும் பல்லுயிரும்: ஆசிரியர்க்கு ஒரு பாடம்

உயிர்கள் எடுக்கும் பிறப்பைத் தேவர், மக்கள், விலங்கு, பறவை, ஊர்வன, நீர்வாழ்வன, தாவரம் என எழுவகையாக நம் நூல்கள் வகுத்துரைக்கும். சைவ வினாவிடை படிக்கும் சிறுவன் இவ்வேழினையும் பிழையின்றி ஒப்புவிப்பான். ஆயின், அவன் படிக்கும் பாடசாலைக்குப் பின்னே ஓடும் ஓடைக்கரையில் நிற்கும் மரங்களுள் ஏழின் பெயரைச் சொல்லுகவென்று கேட்பின், வாய் மூடி நிற்பான். கூடப் படிக்கும் சிறுமி விறகு பொறுக்கித் திரிந்தவளாயின் மூன்று நான்கு பெயர் சொல்லக்கூடும். ஏட்டிலே எழுவகையும் அறிந்து, கண்முன்னே ஒரு வகையும் அறியாதிருப்பது கல்வியாகாது. ஆதலின், பதுளையிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் கற்பிக்கும் சைவாசிரியர்கள் எடுத்துக் கற்பிக்கத்தக்க பாடமொன்றை ஈண்டு வரைகின்றாம்.

பொருள் வரையறை

உயிர்ப்பல்வகைமை என்பது ஓரிடத்துள்ள உயிர்கள் பலவாய் வேறுபட்டு நிற்குந் தன்மை. அது மூன்று படித்து. ஓரினத்துக்குள்ளேயே காணப்படும் வேறுபாடு ஒன்று. நெல் ஒன்றாயினும் அதன் குலங்கள் பலவாதல் இதற்கு உதாரணம். இனங்கள் பலவாதல் இரண்டாவது. நெல்லி, நாவல், மருது, தவளை, தேனீ, சிறுத்தை என எண்ணுவது இது. அவ்வினங்கள் கூடி வாழும் நிலைக்களங்கள் பலவாதல் மூன்றாவது. காடு, புல்வெளி, ஓடை, வயல் என்பன போல. 1992 ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டு ரியோ நகரிற் கூடிய உலக மாநாட்டிலே இப்பல்வகைமையைக் காத்தற்பொருட்டு ஓர் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. இலங்கை 1994 இலே அதனை உறுதிசெய்து ஏற்றுக்கொண்டது. இம்மூன்று படியும் நம் மாகாணத்திலே எவ்வாறு அமைந்தன என்பதை இனி நோக்குவாம்.

ஊவாவின் அமைப்பு

1886 ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக்கப்பட்ட ஊவா, இன்று பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களையுடையது. ஒருபுறம் அப்புத்தளை, ஒகிய முதலிய முகில் தவழும் உயர்மலைகள். நடுவே பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பள்ளத்தாக்குகள். கிழக்கே பசறை, மடுல்சீமை, லுணுகலை மலைகள். அவற்றின் அடியிலே பிபிலை, மொனராகலை, கதிர்காமம் வரை விரியும் வறண்ட தாழ்நிலம். ஒரே மாகாணத்திலே குளிர்மலைக் காடும் வெயிற்காடும் இருத்தலின், உயிரினங்களும் மிகப் பலவாயின.

மழையினும் ஊவா தனித்தன்மையுடையது. ஐப்பசி தொடங்கிப் பொழியும் வடகீழ்ப் பருவமழையே இதற்குப் பெருமழை. மேற்கு மலைநாடு ஆனி ஆடியிலே தென்மேல் மழையில் நனையும்போது, அம்மழையை இழந்த காற்று மலை கடந்து வறண்ட காற்றாய் ஊவாவில் வீசும். அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகமறிந்த நறுமணத்தைத் தருவது. அதுவே பத்தனைகளிலே தீயைப் பரப்புவதும்.

பத்தனை என்பது மானாப்புல் செறிந்த மலைப் புல்வெளி. வெறுநிலமென்று பலரும் எண்ணும் அதனிலே நெல்லியும், செம்மலர் பூக்கும் காட்டுப்பூவரசும், தீக்கு அஞ்சாத தடித்த பட்டையையுடைய வேறு மரங்களும் உள. பிபிலைப் பக்கத்து வெளிக்காடுகளிலே கடுக்காயும் தான்றியும் நெல்லியும் ஒருங்கு வளர்கின்றன. திரிபலை என்று நம் வைத்தியர் மூன்று மருந்தையும் சேர்த்து வழங்குவதைப் பிள்ளைகள் அறிவர். அம்மூன்றும் தம் மாகாணத்துக் காட்டிலே அடுத்தடுத்து நிற்பதை அறியார்.

காடு அழிந்த வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலே இம்மலைகளின் பெரும்பகுதி காடாயிருந்தது. யானைகளும் மிக்கிருந்தன. யானையைக் கொன்றார்க்கு அரசாங்கமே பரிசு கொடுத்த காலம் அது. பதுளையிலே அரசாங்க உதவி அதிபராயிருந்த மேஜர் ரோஜர்ஸ் என்பவர் தாம் ஒருவராகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் எனச் சரித்திரகாரர் எழுதுவர். அவர் 1845 இலே அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். யானைகள் உலாவிய மலைகளைக் கோப்பிப் பயிர் கைக்கொண்டது. சரிவுகளிலே மரங்களை வெட்டி வீழ்த்தி, உலரவிட்டு, எரித்து, சாம்பல் படிந்த மண்ணிலே கோப்பி நட்டனர். கோப்பி நட்டு வளர்த்த கைகளுள் பெரும்பாலன தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்த நம் முன்னோருடைய கைகள். காடழித்ததனால் வந்த செல்வம் அவர்கள் கையிலே தங்கியதன்று.

மலைக்கு மலை, கண்ணுக்கெட்டிய தூரம் கோப்பி ஒன்றே நின்றது. 1869 ஆம் ஆண்டிலே, நம் மாகாணத்து மடுல்சீமையிலே, கோப்பி இலையின் அடியிற் செம்மஞ்சட் பொடி படிந்திருத்தல் காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்து அதிபராயிருந்த துவெயிற்ஸ் என்பவர் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் அறிஞர் சோதித்து, அது புதியதோர் பூஞ்சணம் என்று கண்டு, ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயரின் பிற்கூறு பாழாக்குவது என்னும் பொருட்டு. மக்கள் அதனை இலைத்துரு என்றனர்.

நோய் கண்ட பின்னும் காடழிப்பு நின்றதோ? நின்றிலது. கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால், விளைச்சல் குறைந்த அளவுக்கு மேலும் மேலும் காடு வெட்டி நட்டனர். 1878 அளவிலே ஏறக்குறைய 2,75,000 ஏக்கர் கோப்பி நின்றது. 1880 இலே இங்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் நோயின் வழியை விளக்கினார். பூஞ்சணத்தின் நுண்வித்துக்கள் காற்றிலே பறந்து இலையில் விழுந்து, ஈரத்திலே முளைத்து, உட்புகுகின்றன. இடையிலே காடு நின்றிருப்பின் அவ்வித்துக்களிற் பெரும்பாலன பயனின்றி ஒழியும். எங்கும் கோப்பியே நின்றமையால், காற்று கொண்டு சென்ற இடமெல்லாம் நோய்க்கு உணவு ஆயத்தமாயிருந்தது. 1884 இலே ஓரியன்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் விலைபோயின; கூலியின்றி மக்கள் வருந்தினர்; பலர் இந்தியாவுக்கு மீண்டனர். 1873 இலே 23 இறாத்தல் என்னும் சிறிய அளவாய் முதலில் ஏற்றுமதியான தேயிலை, கோப்பி நின்ற இடத்தை மெல்ல மெல்லக் கைக்கொண்டது.

இது ஊவாவுக்கு மாத்திரம் உரிய கதையன்று. 1845 முதலாக அயர்லாந்திலே உருளைக்கிழங்கு நோயுற்றழிந்தபோது, ஏழைகள் பெரும்பாலும் ஒரே குலக் கிழங்கையே நம்பியிருந்தமையால் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஒன்றனையே நம்பி எல்லாவற்றையும் இழந்த கதை இரண்டிடத்தும் ஒன்றே. இன்று நம் தோட்டங்களிலே விதைக்கன்றுத் தேயிலையை நீக்கி, ஒரு தாய்ச்செடியின் தண்டிலிருந்து பெருக்கிய கன்றுகளையே நிரை நிரையாய் நடுகின்றனர். அவை மிக்க கொழுந்து தருவன. ஆயினும், ஒரு மலை முழுதும் ஒரு தாயின் பிள்ளைகளே நிற்பின் ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும் என்பதை மடுல்சீமை நமக்கு முன்னரே கற்பித்துள்ளது.

ஒரு சிறு குளவியின் உபகாரம்

பயன்படாத பூச்சியென்று நாம் நசுக்கிவிடுவன எத்துணைப் பயனுடையன என்பதற்குத் தேயிலையிலேயே சான்றுண்டு. தேயிலைக் கொழுந்தைச் சுருட்டித் தின்னும் புழு ஒன்று முற்காலத்திலே தோட்டங்களுக்குப் பெருங்கேடு விளைத்தது. 1935, 1936 ஆம் ஆண்டுகளிலே, அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் மிகச் சிறிய குளவியொன்றை ஜாவாத் தீவிலிருந்து கொணர்ந்து இங்கு விட்டனர். மக்ரோசென்ட்ரஸ் என்னும் அக்குளவி பெருகி, புழுவை அடக்கிற்று. கூலியில்லை, மருந்தில்லை, இயந்திரமில்லை.

பின்னர், 1950களை அடுத்து, தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறுவண்டைக் கொல்லுதற்பொருட்டு டீல்டிரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். அந்நஞ்சு குளவியையும் கொன்றது. காவலன் இறக்கவே, அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. ஓருயிரைக் கொல்லக் கருதிச் செய்த செயல் மற்றோருயிரின் காவலை நீக்கிய வகை இது. எவ்வுயிர் எவ்வுயிரைத் தாங்கி நிற்கின்றது என்பதை முற்றும் அறிந்தார் ஒருவருமிலர். அறியாத கட்டடத்திலே இக்கல் வேண்டா, அக்கல் வேண்டா என்று உருவுதல் அறிவுடைமையாகாது.

நீரும் மண்ணும்

இனி, மலைமுடியிலே எஞ்சியுள்ள காடு நமக்குச் செய்யும் உபகாரத்தைக் கூறுவாம். ஆடி மாதத்திலே கதிர்காமத்துக்குச் செல்லும் அடியார் மாணிக்க கங்கையிலே நீராடுவர்; திருவிழாவும் அக்கங்கையிலே தீர்த்தத்துடன் நிறைவுறும். அம்மாதத்திலே அங்கு மழை அரிது. மழையில்லாத மாதத்திலே ஆற்றுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது? இவ்வினாவை வகுப்பிலே கேட்குக. பிள்ளைகளுட் பலர் விடை தெரியாது திகைப்பர். விடையோ அவர்கள் நாடோறும் காணும் மலையிலேயே உள்ளது. கடல்மட்டத்துக்கு 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நமுனுகுலை மலைத்தொடரிலேதான் மாணிக்க கங்கை பிறக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிற் பெய்த மழையை, காட்டின் உதிர்ந்த இலைப்படையும் பாசியும் வேர்கள் பிணைந்த மண்ணும் குடித்துத் தேக்கி, சிறிது சிறிதாய் ஊற்றுக்களாகக் கசியவிடுகின்றன. காடில்லாத சரிவிலே பெய்யும் மழை அன்றே வெள்ளமாய் ஓடி, மண்ணையும் கொண்டுபோய், அடுத்த மாதத்தில் ஓடையை உலரவிடும். நமுனுகுலையிலே மரம் நின்றாலன்றிக் கதிர்காமத்திலே தீர்த்தமில்லை. துன்ஹிந்தை அருவியாய் வீழ்ந்து மகாவலிக்குச் செல்லும் பதுளை ஓயாவும், பண்டாரவளைப் பக்கத்து மலைகளிலே தோன்றித் திசமகாராமை வயல்களை நோக்கிச் செல்லும் கிரிந்தி ஓயாவும் இவ்வாறு மலையை நம்பியனவே.

இவ்வுண்மை அக்காலத்து அறிஞரும் அறியாததன்று. கோப்பிக்குக் காடு அழிந்துகொண்டிருந்த 1873 ஆம் ஆண்டிலே, தாவரநூற் பேரறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுதல் வேண்டுமென்று வற்புறுத்தினார். அவ்வுயரத்துக்கு மேற்பட்ட அரசாங்கக் காடுகளை விற்பது அதன்பின் தடுக்கப்பட்டது. இன்று மலைமுடிகளிலே எஞ்சியிருக்கும் காட்டுக்கு அவ்வொரு விதியே பெரிதுங் காரணம். அப்புத்தளைக்கும் இதல்கஸ்ஹின்னைக்கும் இடையேயுள்ள தங்கமலைக் காடு 1938 இலே சரணாலயமாக்கப்பட்டது. தமிழ்ப்பெயர் தாங்கிய அக்காட்டைக் கண்ட தமிழ்ப்பிள்ளைகள் எத்தனை பேர்?

நாம் கற்ற மிஷன் பாடசாலையிலே லெபனோன் மலையின் கேதுரு மரங்களைப் பற்றி வேதாகமப் பாடத்திற் படித்தோம். கோயிலுக்கும் கப்பலுக்கும் அரண்மனைக்குமாக அம்மரங்கள் நூற்றாண்டு நூற்றாண்டாய் வெட்டப்பட்டு, இன்று அம்மலைகளிலே சிற்சில தோப்புக்களே எஞ்சின. மரத்தின் புகழ் நூலிலே நிலைத்தது. மரம் மலையிலே நிலைத்திலது. நம் மலைக்கும் அவ்விதி வருதல் கூடாது.

மண்ணின் நிலை இன்னும் அஞ்சத்தக்கது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையிலே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. குடும்பம் குடும்பமாக நம்மக்கள் மண்ணுள் மறைந்தனர். அகழ்ந்தெடுக்கப்படாத உடல்களும் பல. அவ்விடம் ஆபத்தானதென்று அதற்குப் பல ஆண்டு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மண்சரிவுக்குக் காரணம் ஒன்றன்று: பாறையின் சாய்வு, பெருமழை, அடைபட்ட கான்கள், குடியிருப்புக்குத் தகாத இடம் எனப் பலவுள. ஆயினும், ஆழவேர் மரமும் இடைவேர்ச் செடியும் மேல்வேர்ப் புல்லும் கலந்து நிற்கும் சரிவு மண்ணை மூன்றடுக்காய்ப் பிடிக்கும். ஒரே பயிர் நிற்கும் சரிவு ஓரடுக்காய்ப் பிடிக்கும். மேல்மண் சிறிது சிறிதாய்க் கழுவப்படுதலைத் தடுப்பதற்கு இது முதன்மையான வழி.

ஐயமும் விடையும்

அற்றேல், தேயிலையே நமக்குச் சோறு தருவது. அதனை நீக்கிக் காடாக்கச் சொல்கின்றீரோ? எனின், அன்று. தேயிலை நிற்கும் நிலத்திலே தேயிலை நிற்க. ஓடைக்கரை, ஊற்றுக்கண், செங்குத்தான சரிவு, பாறையிடுக்கு, பாழ்விட்ட மலை என்பன தேயிலைக்கு உதவாதன. அவற்றிலே நாட்டு மரங்கள் நிற்பின் தேயிலைக்கும் நன்றே. நிழல்மரமின்றித் தேயிலை வாடுதலை எக்கங்காணியும் அறிவார்.

மரம் எதுவாயினும் மரமே. விரைவில் வளரும் யூக்கலிப்டஸையும் பைனஸையும் நட்டாற் போதாதோ? எனின், போதாது. 1970களிலும் 1980களிலும் ஊவாப் பத்தனைகளிலே பைனஸ் பெருவாரியாய் நடப்பட்டது. அதன் ஊசியிலை உலர்ந்து தடிப்பாய்க் கிடந்து தீயை வளர்க்கும். அதன் கீழே பிறசெடி வளர்தல் அரிது. பறவைக்கும் தேனீக்கும் அங்கு உணவு குறைவு. விறகுக்கென யூக்கலிப்டஸை ஒதுக்கிய இடத்திலே நடுக, ஊற்றுக்கருகே நடற்க. பச்சையாயிருப்பதெல்லாம் காடாகாது.

விறகின்றி ஏழை எவ்வாறு சமைப்பான்? பத்தனையில் புல் முளைக்கத் தீ வையாது மாட்டுக்கு எங்கே போவான்? எனின், இவ்வினா நியாயமானது. இம்மலைகளின் காட்டை அழித்தவன் விறகு சுமக்கும் தாயல்லள்; அவள்மேற் பழி சுமத்தும் போதனை நமக்கு ஆகாது. ஆயின் கேடு வரும்போது முதலில் வருந்துபவள் அவளே. ஓடை வற்றின் குடத்துடன் இரு மைல் நடப்பவள் அவள். மலை சரியின் லயத்துள் இருப்பவளும் அவள். ஆதலின், காப்பதன் பயனை அவள் பிள்ளைக்குச் சொல்லுவதே நம் கடன். விரைவில் தழைக்கும் முள்முருங்கையையும் விறகுமரத்தையும் லயத்தின் அருகே நடுவதற்குத் தோட்டத்தாரிடம் இடங்கேட்டுப் பெறுதலும் நம் கடனே.

ஆசிரியர் செய்யத்தக்கன

முதலாவது, பெயர்ப்பதிவு. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு கொப்பி வைத்து, மாணாக்கர் காணும் மரம், செடி, பறவை, தவளை, வண்ணத்துப்பூச்சி என்பவற்றைத் தேதியிட்டு எழுதுவிக்க. தோட்டத்து முதியோர் வழங்கும் பெயரையும் சிங்களப் பெயரையும் அருகே எழுதுக. முதியோர் இறப்பின் பெயர் இறக்கும்; பெயர் இறந்த உயிரைக் காப்பார் இலர். இலங்கையிலே நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உள. அவற்றுட் பெரும்பாலன உலகில் வேறெங்கும் இல்லாதன. முன்னிருந்தவற்றுள் பதினைந்துக்கு மேற்பட்டன இன்று காணப்படாதொழிந்தன என அறிஞர் கூறுவர். சதுப்பிலே கத்தும் தவளையைக் கல்லெறியும் சிறுவனுக்கு இதனைச் சொல்லுக.

இரண்டாவது, நாற்றுமேடை. நாவல், நெல்லி, மருது, இலுப்பை முதலிய நாட்டு மரங்களுள் அவ்வவ்வூரின் உயரத்துக்கும் குளிருக்கும் ஏற்றவற்றின் வித்தைப் பொறுக்கி முளைப்பிக்க. ஒவ்வொரு மாணாக்கனும் ஒரு கன்றை நட்டு, பாடசாலை விட்டு நீங்கும் ஆண்டுவரை அதற்கு நீர் வார்ப்பானாக. நடுதற்குரிய காலம் ஐப்பசி மழை. ஆடியில் நட்டால் வறள்காற்றிலே பட்டுவிடும்.

மூன்றாவது, ஓடைக்காவல். ஓடையின் இருமருங்கும் உள்ள செடிகளை வெட்டாதபடியும், களைநாசினி தெளித்த கலத்தை அதில் அலம்பாதபடியும் பெற்றோர் கூட்டத்திலே எடுத்துச் சொல்லுக.

நான்காவது, தீ. ஆடி, ஆவணி, புரட்டாதியிலே பத்தனைக்கு விளையாட்டாய்த் தீயிடும் வழக்கத்தைப் பாடசாலை திறந்த முதல்நாளே கண்டிக்க. எரிந்த பத்தனையிலே முதற்பெருமழை பெய்யும்போது ஓடும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையிலும், எரியாத பத்தனையிலிருந்து வரும் நீரை மற்றொரு குவளையிலும் எடுத்து மேசைமேல் வைக்க. ஒரு மணிநேரத்திலே அடியிற் படியும் மண்ணைப் பிள்ளைகள் தாமே அளப்பர். அதனினுஞ் சிறந்த பாடம் நாம் சொல்ல மாட்டோம்.

ஐந்தாவது, கம்பிக்கண்ணி. காட்டுப்பன்றிக்கென வைக்கும் கண்ணியிலே சிறுத்தை அகப்பட்டு மாள்கின்றது. 2020 ஆம் ஆண்டு மே மாதத்திலே நல்லதண்ணீர்ப் பக்கத்துத் தோட்டமொன்றிலே மிக அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அவ்வாறே அகப்பட்டு இறந்தது. சிறுத்தை குறைந்த மலையிலே பன்றி பெருகும். பெருகிய பன்றி வீட்டுத்தோட்டத்துக் கிழங்கை அழிக்கும். கண்ணி வைத்தவன் தன் பயிர்க்காவலனையே கொன்றவனாகின்றான்.

ஆறாவது, வித்து. குரக்கன், தினை, அவரை, கத்தரி முதலியவற்றின் பழைய குலங்கள் தோட்டத்து வீடுகளிலே இன்னும் சிறிது உள. தைப்பொங்கலன்று மாணாக்கர் தத்தம் வீட்டு வித்துக்களைச் சிறு பொட்டலமாய்க் கொணர்ந்து மாற்றிக்கொள்வாராக. பலவகை வித்து பல வீட்டில் இருத்தலே பஞ்சத்துக்குக் காப்பு.

இவற்றுள் ஒன்றுக்கும் பெரும்பொருள் வேண்டா. சட்டங்கள் உள, 1937 ஆம் ஆண்டிலேயே வனசீவராசிகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச்சட்டம் பிறந்தது. சட்டம் காட்டின் எல்லைக்கல் வரையிற் காவல் செய்யும். எல்லைக்கல்லுக்கு இப்பாலுள்ள ஓடையும் பத்தனையும் கோயில் மரமும் பிள்ளைகளின் கையில் உள. நம் தோட்டங்களிலே மாரியம்மன் கோயிலருகிலும் முனியாண்டி நிற்கும் இடத்திலும் பெருமரத்தை ஒருவரும் வெட்டார். அவ்வச்சமும் அன்பும் ஒரு மரத்தோடு நின்றுவிடாது, அம்மரம் நீர் குடிக்கும் ஓடைக்கும் அவ்வோடை பிறக்கும் மலைக்கும் செல்லும்படி செய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

பயிற்சி வினாக்கள்

1. உயிர்ப்பல்வகைமையின் மூன்று படிகளையும் ஊவாவிலிருந்து உதாரணங்காட்டி விளக்குக.

2. கோப்பி இலைத்துரு முதலிற் காணப்பட்ட ஆண்டும் இடமும் யாவை? அது விரைந்து பரவியமைக்குக் காரணம் யாது?

3. மழையில்லாத ஆடி மாதத்திலே மாணிக்க கங்கைக்கு நீர் வரும் வகையைக் கூறுக.

4. டீல்டிரின் தெளித்தபின் இலைசுருட்டிப் புழு பெருகியதேன்?

5. பைனஸ் தோப்புக்கும் இயற்கைக் காட்டுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு எழுதுக.

6. உம் பாடசாலைக்கு அரை மைல் தூரத்துக்குள்ளே நிற்கும் நாட்டு மரங்கள் ஏழின் பெயரையும், அவை நிற்கும் இடத்தையும் கண்டெழுதுக.

ஆறாம் வினாவுக்கு விடையை நூலிலே தேடற்க. வெளியே சென்று காண்க.